பாக்ஸ்ரெக் விமர்சனம்: குறைத்து மதிப்பிடப்பட்ட ஹெவிவெயிட் சாம்பியன்களைத் தேடுகிறவர்களுக்கு

லாரி ஹோம்ஸ்: 69 வெற்றி, 6 தோல்வி. எஸார்ட் சார்ல்ஸ்: தொண்ணூற்றுச் சொச்சம் வெற்றி, 25 தோல்வி. விட்டாலி கிளிட்ச்கோ: 45 வெற்றி, 2 தோல்வி. குத்துச்சண்டைப் பதிவேடான பாக்ஸ்ரெக் தளத்தில் ஒரு வீரரின் பக்கத்தைத் திறந்ததும் பச்சை, சிவப்பு, நீலப் பெட்டிகளில் முதலில் கண்ணில் படுவது இந்த எண்கள்தான். ஹெவிவெயிட் வரலாற்றைப் பற்றிய வாக்குவாதங்களில் பாதி இந்தப் பெட்டிகளைத் தாண்டுவதே இல்லை. தோற்காமலே ஓய்வுபெற்ற சாம்பியன் ராக்கி மார்சியானோ 49-0, அதனால் பெரியவர். சார்ல்ஸுக்கு 25 தோல்வி, அதனால் சுமார். இந்தத் தப்புக்கணக்கைத் தொடங்கி வைப்பதும் இந்தத் தளம்தான். அதைத் திருத்தத் தேவையான தரவை இரண்டு சொடுக்குத் தள்ளி வைத்திருப்பதும் இதே தளம்தான்.

பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ஷெப்பர்ட் 2000இல் தொடங்கிய தளம் இது. தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு இதற்கு ஈடான பொதுப் பதிவேடு வேறு இல்லை என்றே சொல்லலாம். பார்க்கக் காசு வேண்டாம், ஆனால் ஒரு கணக்கு தொடங்கிக்கொள்ளுங்கள். உள்நுழையாமல் பார்த்தால் சீக்கிரமே கதவைச் சாத்திவிடும்.

வீரரின் பக்கத்தில் ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு வரி. தேதி, எதிராளியின் பெயர், அன்றைய தேதி வரை எதிராளியின் வெற்றி-தோல்வி-டிரா, எதிராளி ஆடிய கடைசி ஆறு சண்டைகளின் முடிவைக் காட்டும் ஆறு வண்ணச் சதுரங்கள், நடந்த இடம், முடிவு, எத்தனை ரவுண்டு. முடிவைச் சுருக்கெழுத்தில்தான் தருவார்கள். யூ.டி. என்றால் மூன்று ஜட்ஜ்களும் ஒரே பக்கம். எஸ்.டி. என்றால் இருவர் ஒரு பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம். எம்.டி. என்றால் இருவர் ஒரு பக்கம், மூன்றாமவர் சமம் என்றார். பி.டி.எஸ். என்று கண்டால் பெரும்பாலும் நடுவர் ஒருவரே புள்ளி போட்ட சண்டை. ஆர்.டி.டி. என்பது ரவுண்டு இடைவேளையில் மூலையிலிருந்து எழாமல் விட்டுக்கொடுத்தது, இதையும் டி.கே.ஓ.வையும் (ரவுண்டு நடக்கும்போதே சண்டையை நிறுத்துவது) ஒன்றாகச் சேர்த்துப் படிக்கக்கூடாது. என்.டபிள்யூ.எஸ். பழைய காலத்துச் சங்கதி. நியூயார்க்கில் 1920க்கு முன்னால் இருந்த சட்டப்படி நாக் அவுட் இல்லாமல் முடிந்த சண்டைக்குத் தீர்ப்பே கிடையாது. மறுநாள் செய்தித்தாள் நிருபர்கள் யார் ஜெயித்தார் என்று எழுதியதுதான் முடிவு. அவற்றை மேலே உள்ள பெட்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஜாக் ஜான்சன், ஜீன் டன்னி காலத்து வீரர்களின் மொத்தக் கணக்கு ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு மாதிரி இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வரியின் ஓரத்தில் சண்டைக்கான தனிப் பக்கத்துக்கு இணைப்பு இருக்கும். எடை, நடுவர், ஜட்ஜ்கள், அவர்கள் போட்ட புள்ளி எல்லாம் அங்கேதான். தளத்தின் உண்மையான மதிப்பு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. பலரும் அதைத் திறப்பதே இல்லை.

ஹோம்ஸில் தொடங்கலாம்

மதிப்பில் அடிபட்ட ஹெவிவெயிட் சாம்பியன் என்று ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் லாரி ஹோம்ஸ். முகமது அலியிடம் பயிற்சிச் சண்டை ஆடி வளர்ந்து, 1980 அக்டோபர் 2 அன்று 38 வயது அலியையே பத்து ரவுண்டு அடித்து உட்கார வைத்தவர். அந்த வெற்றிக்காக யாரும் அவரைக் கொண்டாடவில்லை. 1985இல் ஸ்பிங்க்ஸிடம் தோற்ற கையோடு மார்சியானோவைப் பற்றி அவர் வாய்விட்டது மிச்சமிருந்த நல்ல பெயரையும் கெடுத்தது. இதெல்லாம் பாக்ஸ்ரெக்கில் இருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை. அங்கே இருப்பதைப் பார்ப்போம்.

முதலில் அந்த ஆறு சிவப்பு வரிகளின் தேதி. ஹோம்ஸ் பிறந்தது 1949 நவம்பர் 3. மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் முதல் தோல்வி 1985 செப்டம்பர் 21, வயது 35. மறுசண்டை 1986 ஏப்ரலில். டைசனிடம் 1988 ஜனவரியில், 38 வயதில். ஹோலிஃபீல்டிடம் 42 வயதில், ஆலிவர் மெக்காலிடம் 45 வயதில், டென்மார்க்கின் பிரையன் நீல்சனிடம் 47 வயதில். 35 வயது வரை தோல்வியே இல்லை. 48-0. ஆறு தோல்விகளில் அவரை நிறுத்தியது டைசன் மட்டும்.

அடுத்து, முதல் ஸ்பிங்க்ஸ் சண்டையின் தனிப் பக்கம். புள்ளிகள் 143-142, 143-142, 145-142. பத்துப் புள்ளி முறையில் (ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9), யாரும் விழாத, சம ரவுண்டு இல்லாத 15 ரவுண்டுச் சண்டையில் 143-142 என்றால் 8 ரவுண்டு ஒருவருக்கு, 7 மற்றவருக்கு. அதாவது இரண்டு ஜட்ஜ்களின் அட்டையிலும் ஆளுக்கு ஒரு ரவுண்டு மாறியிருந்தால் எஸ்.டி.யில் ஹோம்ஸ் ஜெயித்திருப்பார், 49-0 என்ற மார்சியானோவின் கணக்கைத் தொட்டிருப்பார். மறுசண்டையும் எஸ்.டி.தான். நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இதே கத்தி அவர் பக்கமும் வெட்டும். 1978 ஜூன் 9 அன்று கென் நார்ட்டனிடமிருந்து டபிள்யூ.பி.சி. பட்டத்தை (டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஏ., ஐ.பி.எஃப். மூன்றும் தனித்தனியாக உலகப் பட்டம் தரும் அமைப்புகள்) வென்றபோது மூன்று அட்டையிலும் இதே 143-142. இரண்டு ஹோம்ஸுக்கு, ஒன்று நார்ட்டனுக்கு. பதினைந்தாவது ரவுண்டில் அவர் விட்டுக்கொடுக்காமல் நின்றதுதான் ஏழாண்டு ஆட்சிக்குக் கடைக்கால். இரண்டு முனையையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆளின் அளவு தெரியும்.

மூன்றாவதாக, எதிராளியின் கணக்கு. பாக்ஸ்ரெக்கில் அதிகம் ஏமாற்றுகிற நெடுவரிசை இதுதான். அது சண்டை நாளன்று எதிராளி என்னவாக இருந்தார் என்று மட்டும் சொல்லும், பிறகு என்னவானார் என்று சொல்லாது. ஹோம்ஸின் 20 பட்டத் தற்காப்புகளை மேலோட்டமாக ஓட்டினால் எதிராளிகள் சோடையாகத் தெரிவார்கள். 1979 ஜூனில் மைக் வீவர், ஏற்கெனவே பல தோல்விகளோடு வந்தவர். 1981 ஏப்ரலில் ட்ரெவர் பெர்பிக். 1983 மேயில் டிம் விதர்ஸ்பூன், மொத்தமே 15 சண்டை ஆடிய பையன். 1984 நவம்பரில் ஜேம்ஸ் ஸ்மித். இப்போது அந்த நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி அவர்கள் பக்கத்தில் மேல்நோக்கி வாருங்கள். வீவர் ஒன்பது மாதத்தில், 1980 மார்ச் 31 அன்று, புள்ளியில் பின்தங்கியிருந்தும் பதினைந்தாவது ரவுண்டில் ஜான் டேட்டை வீழ்த்தி டபிள்யூ.பி.ஏ. சாம்பியன். விதர்ஸ்பூன் பத்து மாதத்தில் டபிள்யூ.பி.சி. சாம்பியன், 1986இல் டபிள்யூ.பி.ஏ.வும். பெர்பிக் 1986 மார்ச்சில் டபிள்யூ.பி.சி. ஸ்மித் 1986 டிசம்பரில் விதர்ஸ்பூனை முதல் ரவுண்டிலேயே சாய்த்து டபிள்யூ.பி.ஏ. நான்கு வருங்காலச் சாம்பியன்களை அவர்கள் சாம்பியன் ஆவதற்கு முன்பே வென்றிருக்கிறார் மனிதர். ஆறு சதுரங்களில் இதற்கு இடமில்லை.

ஹோம்ஸுக்கு எதிரான வாதமும் அதே தளத்தில் கிடைக்கும். அதே காலத்துச் சாம்பியன்களான பின்க்ளன் தாமஸ், கிரெக் பேஜ், மைக்கேல் டோக்ஸ் பெயர்கள் அவர் பட்டியலில் இல்லை. நார்ட்டனுக்கு மறுசண்டை இல்லை. 1983 நவம்பரில் மார்விஸ் ஃப்ரேசியர் என்ற, பத்தே சண்டை ஆடியவரை முதல் ரவுண்டில் முடித்தார். அதைத் தற்காப்பாக டபிள்யூ.பி.சி. ஏற்கவில்லை. பட்டியலில் இல்லாத பெயர்களைத் தேடுவதும் இந்தத் தளத்தைப் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று. சாம்பியனின் ஆட்சிக்காலத்தை ஒரு பக்கத்திலும், அதே காலத்து மற்ற பெல்ட்காரர்களை, அதாவது பட்டம் வைத்திருந்தவர்களை, இன்னொரு பக்கத்திலும் திறந்து வைத்துத் தேதியைப் பொருத்திப் பாருங்கள்.

எஸார்ட் சார்ல்ஸ்: தேதிக்கோடு எங்கே போடுவது

சார்ல்ஸின் மொத்த வெற்றி எத்தனை என்பதிலேயே பதிவேடுகளுக்குள் ஒன்றிரண்டு வித்தியாசம் உண்டு. அதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம். தோல்வி 25 என்பதைப் பிரித்தால் போதும். மார்சியானோவுடன் நடந்த இரண்டாவது சண்டையின் தேதியில், 1954 செப்டம்பர் 17இல், ஒரு கோடு போடுங்கள். அதற்குப் பிறகு 13 தோல்வி. கோட்டுக்கு மேலே, அந்தச் சண்டையையும் சேர்த்து, 12. அந்த 12இல் மார்சியானோவுக்கு இரண்டு, வால்காட்டுக்கு இரண்டு. ஜிம்மி பிவின்ஸ், லாயிட் மார்ஷல் போன்ற கருப்பின வீரர்களை அந்தக் காலத்துப் பெல்ட்காரர்கள் கிட்டவே சேர்க்கவில்லை. அவர்களிடமும் தோற்றிருக்கிறார், பின்னால் அவர்களைத் திருப்பியும் அடித்திருக்கிறார். ஆர்ச்சி மூரை மூன்று முறை ஆடி மூன்றும் வெற்றி. பின்னாளில் சார்ல்ஸ் நரம்புத்தசைச் சிதைவு நோயால் நடக்க முடியாமல் போய் 1975இல் இறந்தார். 1955க்குப் பிந்தைய வரிகளை அந்த எச்சரிக்கையோடு படிப்பது நல்லது.

1950 செப்டம்பர் 27, யாங்கி ஸ்டேடியம்: சார்ல்ஸ் - முன்னாள் சாம்பியன் ஜோ லூயிஸ். சார்ல்ஸின் மதிப்பைக் குறைக்க இந்தச் சண்டையைத்தான் பலரும் காட்டுவார்கள், வயதான லூயிஸை அடித்தது பெரிய காரியமா என்று. பக்கத்தைத் திறந்தால் லூயிஸ் 58-1, கடைசி ஆறும் பச்சை. சதுரங்களை மட்டும் நம்பினால் சார்ல்ஸ் உச்சத்திலிருந்த லூயிஸை வென்றார் என்று ஆகிவிடும். தேதியைப் பார்த்தால் லூயிஸின் முந்தைய சண்டை 1948 ஜூன் 25. இடையில் இரண்டே கால் ஆண்டு ஓய்வு. சதுரங்கள் கால இடைவெளியைக் காட்டாது. அதைக் கண்ணால் கழித்துப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் குறை சொல்கிறவர்கள் பாதி சரி. மறுபாதி எடையில் இருக்கிறது. சார்ல்ஸ் 184½ பவுண்டு, லூயிஸ் 218. இன்றைய கணக்கில் சார்ல்ஸ் ஹெவிவெயிட்டே இல்லை, 200 பவுண்டு வரம்புள்ள குரூசர்வெயிட். 33 பவுண்டுக்கு மேல் கூடுதல் எடையுள்ளவரை 15 ரவுண்டு ஆடி, 10-5, 12-3, 13-2 என்று ஜெயித்திருக்கிறார். இந்த எண்களைக் கண்டு குழம்ப வேண்டாம்: அன்றைய நியூயார்க்கில் புள்ளிக்குப் பதில் ரவுண்டு எண்ணிக்கையால் தீர்ப்பு. இதை 143-142 போன்ற கணக்கோடு நேராக ஒப்பிடக்கூடாது.

மார்சியானோவோடு 15 ரவுண்டு முழுக்க நின்ற ஒரே ஆள் சார்ல்ஸ். 1954 ஜூனில் அது. மூன்று மாதம் கழித்து நடந்த மறுசண்டை பட்டியலில் எட்டாவது ரவுண்டு நாக் அவுட் தோல்வி என்று ஒரு சிவப்பு வரியாக நிற்கிறது. அந்தச் சண்டையில் மார்சியானோவின் மூக்கு இரண்டாகப் பிளந்து, சண்டையை நடுவர் நிறுத்திவிடுவாரோ என்ற நிலை வந்தது என்பதைப் பெட்டி சொல்லாது. பாக்ஸ்ரெக்கோடு ஒட்டிய விக்கிப் பகுதியில் இப்படிப்பட்ட குறிப்புகள் சில சண்டைகளுக்கு உண்டு, பலவற்றுக்கு இல்லை. நன்றாக எழுதப்பட்ட பக்கமும் காலிப் பக்கமும் அடுத்தடுத்து வரும்.

இரண்டு சிவப்பு வரி, இரண்டும் பொய்

விட்டாலி கிளிட்ச்கோவின் கணக்கைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். இரண்டு தோல்வி, இரண்டும் நிறுத்தப்பட்டவை. தாடை பலவீனமோ என்று நினைக்கத் தோன்றும். 2000 ஏப்ரல் 1, பெர்லினில் கிறிஸ் பேர்டிடம் ஆர்.டி.டி. 9: தோள்பட்டைத் தசை கிழிந்து உட்கார்ந்துவிட்டார், அந்த நேரத்தில் மூன்று அட்டையிலும் முன்னணி. 2003 ஜூன் 21, லாஸ் ஏஞ்சலஸில் லெனாக்ஸ் லூயிஸிடம் டி.கே.ஓ. 6: முகம் கிழிந்து மருத்துவர் நிறுத்தினார், மூன்று அட்டையிலும் 58-56 என்று முன்னணி. தொழில்முறையில் இவர் ஒருமுறைகூடத் தரையில் விழுந்ததில்லை. டி.கே.ஓ. என்ற மூன்று எழுத்துக்குள் காயம், கிழிசல், மயக்கம் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருப்பது இந்தப் பதிவேட்டின் பெரிய குறை. ஒரு சிறு குறியீடு சேர்த்தாலே தீர்ந்துவிடும். இத்தனை வருடத்தில் சேர்க்கவில்லை.

ஜிம்மி எல்லிஸ் விஷயம் நேரெதிர். 1968-70இல் டபிள்யூ.பி.ஏ. சாம்பியன், அலி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் காலியான பட்டத்துக்கு நடந்த போட்டித் தொடரில் லியோட்டிஸ் மார்ட்டின், ஆஸ்கர் பொனவேனா, ஜெர்ரி குவாரி மூவரையும் வரிசையாக வென்றவர். மிடில்வெயிட்டாகத் தொடங்கியவர் என்பதை அவர் பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும். 40-12-1 என்ற கணக்கில் அந்த ஆரம்பத் தோல்விகளும் கலந்து கிடக்கின்றன. ஆனால் 1968 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் ஃப்ளாய்ட் பேட்டர்சனோடு நடந்த அவரது ஒரே வெற்றிகரமான தற்காப்பில் பி.டி.எஸ். என்ற குறியைக் கவனியுங்கள்: நடுவர் ஒருவரின் கணக்கு மட்டும், அரங்கமே ஏற்காத தீர்ப்பு. மேலே தூக்கவும் கீழே இறக்கவும் அதே பக்கத்தில் ஆதாரம் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல்: 1980இல் அலி சென்னை நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை ஆடியது இந்த எல்லிஸோடுதான். காட்சிச் சண்டைகள் வெற்றி-தோல்விக் கணக்கில் வராது என்பதால் அதை அங்கே தேடி ஏமாற வேண்டாம்.

தரவரிசை

தளத்தின் பலவீனமான பகுதி இது. யாரை யார் எப்போது வென்றார் என்பதை வைத்துக் கணினி புள்ளி போடுகிறது. சூத்திரத்தைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இறந்துபோனவர்கள்கூட மேலும் கீழும் ஏறி இறங்குவார்கள். இன்று ஆடுகிற இருவரில் யார் வலியவர் என்று தோராயமாகப் பார்க்க உதவும். சார்ல்ஸையும் ஹோம்ஸையும் வரிசைப்படுத்த இதை ஆதாரமாகக் காட்டுகிறவர்களிடம் வாதாடிப் பயனில்லை. கடைசிக் காலத்தில் பணத்துக்காக ஆடித் தோற்றவர்களை எந்தப் புள்ளிமுறையும் ஓரளவு தண்டித்தே தீரும், அந்தக் காலத்து ஹெவிவெயிட்களில் அப்படி ஆடாதவர்கள் சிலரே. தரவரிசைப் பக்கத்தில் ஓய்வுபெற்றவர்களும் வர வேண்டும் என்றால் தேர்வுப் பெட்டியில் நிலையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தற்போது ஆடுகிறவர்கள் மட்டும் வருவார்கள்.

காணொளி கிடையாது. அதற்கு யூடியூப்தான் துணை. பாக்ஸ்ரெக்கில் தேதியையும் இடத்தையும் எடுத்துக்கொண்டு, வீரர்களின் பெயரோடு ஆண்டையும் சேர்த்துத் தேடினால் முழுச் சண்டை கிடைக்க வாய்ப்பு அதிகம். பெயரை மட்டும் போட்டால் நான்கு நிமிடத் தொகுப்புகள்தான் வரும், அவற்றை வைத்துப் புள்ளி போட முடியாது. டன்னி, டெம்ப்சி காலத்து ஊமைப்படங்கள் வேகமாக ஓடுவதாகத் தெரிந்தால் ஓட்ட வேகத்தை 0.75க்குக் குறையுங்கள். அன்று விநாடிக்கு 16 முதல் 18 படங்கள் என்ற வேகத்தில் எடுத்ததை 24இல் ஓட்டுவதால் வரும் கோளாறு அது; இதைச் சரிசெய்யாமல் கால்வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது. ஹோம்ஸ் காலத்து ஒளிபரப்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அங்கே பிரச்சினை வர்ணனை. ஒலியை அணைத்துவிட்டு ஒவ்வொரு ரவுண்டு மணி அடித்ததும் 10-9 என்று தாளில் எழுதுங்கள், விழுந்தால் 10-8. அடுத்த ரவுண்டைப் பார்த்துவிட்டுப் பழையதைத் திருத்தாதீர்கள். பிறகு பாக்ஸ்ரெக்கில் ஜட்ஜ்களின் அட்டையோடு ஒத்துப் பாருங்கள். ஹோம்ஸின் இடது ஜாப் எத்தனை ரவுண்டுகளைத் திருடியிருக்கிறது என்பது நார்ட்டன் சண்டையை இப்படிப் பார்த்தால்தான் உறைக்கும்.

ரவுண்டு எண்ணிக்கையையும் மறக்க வேண்டாம். 1982 நவம்பரில் தென்கொரியாவின் கிம் டுக் கூ சண்டைக்குப் பின் இறந்ததை அடுத்து டபிள்யூ.பி.சி. பட்டச் சண்டைகளை 12 ரவுண்டாகக் குறைத்தது, மற்ற அமைப்புகள் சில ஆண்டு கழித்துத் தொடர்ந்தன. 1983இல் ஹோம்ஸ் - விதர்ஸ்பூன் 12 ரவுண்டு, 1985இல் ஹோம்ஸ் - ஸ்பிங்க்ஸ் ஐ.பி.எஃப். அமைப்பின் கீழ் 15. ஒரே சாம்பியன், இரண்டு வேறு தூரம். முடிவு வரியில் 12/12, 15/15 என்று இருப்பதைக் கவனிக்காமல் புள்ளி வித்தியாசத்தை ஒப்பிடுவது பயனற்றது.

தேடலில் ஒரு பொறி. ஜெர்சி ஜோ வால்காட்டைத் தேடினால் இன்னொரு ஜோ வால்காட்டும் வருவார்: 1901இல் வெல்டர்வெயிட் சாம்பியன் ஆன பார்படோஸ்காரர். ஹெவிவெயிட் வால்காட்டின் இயற்பெயர் ஆர்னால்ட் கிரீம்; பழையவரின் பெயரைத்தான் சூட்டிக்கொண்டார். பக்கத்தின் மேலே இயற்பெயரையும் பிறந்த ஆண்டையும் (1914) சரிபார்த்துவிட்டுப் படியுங்கள். சரியான ஆளைப் பிடித்ததும் 1947 டிசம்பர் 5 வரியைத் திறங்கள். லூயிஸை இருமுறை கீழே தள்ளியும் எஸ்.டி.யில் பட்டம் கிடைக்காத சண்டை. ஐந்தாவது வாய்ப்பில், 1951 ஜூலை 18 அன்று பிட்ஸ்பர்கில் சார்ல்ஸை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தியபோது அவருக்கு 37 வயது.

கைப்பேசியில் அட்டவணை அகலமாக வழியும். போனைக் கிடையாகத் திருப்பிக்கொண்டால் ரவுண்டு நெடுவரிசை வரை தெரியும். அட்டைகளையும் தேதிகளையும் வரிசையாக ஒப்பிட வேண்டும் என்றால் மடிக்கணினிதான் சரி, பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும்.